குளத்துல பறவை எண்ணப் போறீங்களா, இத ஒருக்கா படிச்சிட்டுப் போங்க

மார்கழி முடியப் போற நேரம் வந்தா போதும், எனக்கு போன்ல ரெண்டே கேள்விதான் வரும். ஒண்ணு, "அண்ணே எனக்கு காக்கா, மைனாவ தவிர ஒண்ணும் தெரியாது, நானும் வரலாமா?" இன்னொண்ணு, "ஆயிரக்கணக்குல உக்காந்திருக்குமே அத எப்படிண்ணே எண்ணுவீங்க, சும்மா அடிச்சு விடுறதுதானே?" மொத ஆளுக்கு பதில் சுலபம், தாராளமா வாங்க. ரெண்டாவது ஆளுக்கு போன்ல சொல்லி முடியாது, அதான் உக்காந்து எழுதுறேன். நான் திருநெல்வேலிக்காரன், அதனால உதாரணமெல்லாம் தாமிரபரணிப் பாசனக் குளமா வரும், உங்க ஊர்ல அது ஏரியா இருக்கும் கண்மாயா இருக்கும், செய்யிற முறை ஒண்ணுதான்.

மொதல்ல எந்த கணக்கெடுப்புக்குப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா பேரெல்லாம் கேக்க ஒரே மாதிரி இருந்தாலும் வேல வேற வேற. ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒண்ணு 1987லேருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்குது, பல நாட்டுல ஒரே சமயத்துல குளம் ஏரி கழிமுகம்னு போய் எண்ணுவாங்க. எங்க பக்கம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புன்னு 2011லேருந்து நடக்குது, நெல்லை தூத்துக்குடி தென்காசி குளங்கள டீம் டீமா பிரிச்சுக் குடுத்துருவாங்க. வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒரே சமயத்துல ஒருங்கிணைஞ்ச கணக்கெடுப்பு நடத்துறாங்க, அதுக்கு உங்க மாவட்ட வன அலுவலகத்துல முன்கூட்டியே பேர் குடுத்து வைக்கணும். இது எதுக்கும் போக முடியலயா, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, பொங்கல ஒட்டின நாலு நாள்ல உங்க வீட்டு மொட்டை மாடியில 15 நிமிஷம் நின்னு பாத்தத எழுதி ஈபேர்டுங்கற (eBird) பறவைப் பதிவு இணையதளத்துல போட்டா போதும். புதுசா வர்றவங்க இந்த மொட்டை மாடியிலதான் ஆரம்பிக்கணும்னு நான் அடிச்சு சொல்லுவேன். காக்கா எத்தனை, மைனா எத்தனைன்னு எண்ணிப் பழகாம நேரா கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துல போய் நின்னா தல சுத்திரும்.

ஏன் ஜனவரின்னு கேட்டா, வடக்கேருந்து வலசை வர்றதெல்லாம் அதுக்குள்ள வந்து செட்டில் ஆயிருக்கும், திரும்பிப் போகவும் இன்னும் ஆரம்பிச்சிருக்காது, அதனால இடம் மாறுறது கம்மி. நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழையும் முடிஞ்சு குளத்துல தண்ணி நிக்கும். பக்கத்து பக்கத்து குளத்த ஒரே நாள்ல, முடிஞ்சா ஒரே நேரத்துல எண்ணுறதும் இதுக்குத்தான், நீங்க எண்ணின அதே வாத்துக் கூட்டம் பறந்து போய் அடுத்த குளத்துல இன்னொரு டீமோட நோட்டுலயும் ஏறிறக் கூடாது பாருங்க.

சரி, வேலைக்கு வருவோம். கணக்கெடுப்புக்கு முந்தின நாள் ஒரு நடை போய் குளத்தப் பாத்துட்டு வந்துருங்க. இத யாருமே செய்றதில்ல, நானும் ரெண்டு வருஷம் செய்யல, பட்டுத்தான் திருந்தினேன். மேப்ல நீலமா அழகா தெரியும், நேர்ல போனா பாதி குளம் சீமைக்கருவேல மரம், கரை மேல பைக் போகாது, உபரித் தண்ணி வெளியேறுற கலுங்கு தாண்ட முடியாம தண்ணி ஓடிட்டிருக்கும். எந்தப் பக்கம் கரையில நின்னா வெயில் முதுகுக்குப் பின்னாடி வரும்னு அன்னிக்கே முடிவு பண்ணிருங்க. காலையில சூரியன் கிழக்க, அதனால நீங்களும் கிழக்குக் கரையில நின்னு மேற்க பாக்கணும். மாறி நின்னீங்கன்னா தண்ணி முழுக்க கண்ணாடி மாதிரி பளபளன்னு அடிக்கும், அதுல உக்காந்திருக்கறது எல்லாமே கருப்புப் புள்ளியாத்தான் தெரியும், நாமக்கோழியா வாத்தான்னு கடவுளுக்கே வெளிச்சம்.

சாமான் ரொம்ப வேண்டாம். 8 மடங்கு பெருசா காட்டுற 8×42 பைனாகுலர் ஒண்ணு இருந்தா போதும், 20 மடங்கு பெருசா காட்டும்னு ஆன்லைன்ல மலிவா விக்கிறத வாங்கிராதீங்க, கையில பிடிச்சா படம் ஆடு ஆடுன்னு ஆடும். டீம்ல ஒரு ஸ்கோப்பும் (தூரத்துப் பறவைய கிட்டக்க காட்டுற ஒத்தக் கண் தொலைநோக்கி) அத நிறுத்த ஸ்டாண்டும் இருந்தா பெரிய குளத்துக்கு ரொம்ப உதவி. நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், தை மாசப் பனியில நோட்டு நமத்துப் போயிரும், பேனா எழுதாது, பென்சில் எழுதும். ஒரு தடவ அமுக்கினா ஒண்ணு கூடுற மாதிரி ஒரு கையடக்க கிளிக்கர் கிடைக்கும், நல்ல பொருள்தான் ஆனா பாக்கெட்ல போட்டுட்டு நடக்காதீங்க, நான் ஒருவாட்டி அப்படி நடந்து கரையோட அந்தக் கடைசிக்குப் போய் எடுத்துப் பாத்தா 37 கூடியிருந்துச்சு, எது நான் அமுக்கினது எது தொடை அமுக்கினதுன்னு தெரியாம மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். சிவப்பு மஞ்ச சட்டை வேண்டாம், காக்கி பச்சை மாதிரி மங்கலா போடுங்க. ஷூ போடுங்க, கருவேல முள்ளுக்கு செருப்பு ஒரு பொருட்டே இல்ல.

காலையில ஆறே காலுக்கு கரையில நிக்கணும். பனி மூடியிருந்தா விலகுற வரைக்கும் சும்மா நில்லுங்க, அவசரப்பட்டு எண்ண வேண்டாம், அந்த நேரத்துல காதுக்கு வேல குடுங்க, சீழ்க்கைச்சிறகி வாத்து பேருக்கு ஏத்த மாதிரி சீழ்க்கை அடிச்சுகிட்டே வயல்லேருந்து திரும்பி வரும், ராத்திரி மேஞ்சிட்டு பகல்ல குளத்துல வந்து தூங்குற ஜாதி அது.

டீம்ல நாலு பேர்னா வேலயப் பிரிச்சுருங்க. ஒருத்தர் வாத்து, ஒருத்தர் கொக்கு நாரை கூழைக்கடா, ஒருத்தர் சேத்துல ஓடுற உள்ளான் உப்புக்கொத்தி வகை, ஒருத்தர் எழுதுறது மட்டும். எழுதுறவர் எதையும் எண்ணக் கூடாது, இது முக்கியம். எல்லாரும் எல்லாத்தையும் பாத்தா நாலு பேரும் அந்த விராலடிப்பான் பருந்து மீன் பிடிக்கறத வாயப் பொளந்து பாத்துட்டிருப்போம், நடந்த கத.

எண்ணுறதுக்கு முன்னாடி ஒரு தடவ சும்மா குளத்த இடமிருந்து வலமா பைனாகுலர்ல ஓட்டிப் பாருங்க, எண்ண வேண்டாம், எங்க எது கூட்டமா இருக்குன்னு மட்டும். அப்புறம் குளத்த மனசுக்குள்ள துண்டு போடுங்க, மடையிலேருந்து ஒத்தப் பனை வரைக்கும் ஒரு துண்டு, பனையிலேருந்து மோட்டார் ரூம் வரைக்கும் ஒரு துண்டு, இப்படி. ஒவ்வொரு துண்டா எண்ணி எழுதிட்டு அடுத்ததுக்குப் போகணும், முடிச்சத திரும்பப் பாக்கக் கூடாது. பின்னாடி புதுசா ஒரு கூட்டம் வந்து அங்க எறங்கினா அது எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு பாத்து, நீங்க ஏற்கனவே எண்ணின பக்கத்துலேருந்து வந்திருந்தா விட்டுருங்க.

இப்ப அந்த ஆயிரக்கணக்கு விஷயம். அம்பது அறுபது வரைக்கும் ஒண்ணு ஒண்ணாவே எண்ணிரலாம், அதுல குறுக்கு வழி வேண்டாம். அதுக்கு மேல போனா, கூட்டத்தோட ஒரு ஓரத்துல 10 பறவைய ஒண்ணு ஒண்ணா எண்ணி அது எவ்வளவு இடத்த அடைச்சிருக்குன்னு கண்ணுல பதிச்சுக்கோங்க, அதே அளவு இடத்த அடுத்து அடுத்து வச்சுப் பாத்து 20, 30, 40ன்னு போங்க. கூட்டம் ஆயிரத்துக்கு மேலன்னா 10க்கு பதிலா 50 இல்ல 100. ஒரு சிக்கல் இருக்கு, கூட்டம் நடுவுல நெருக்கமா இருக்கும் ஓரத்துல கலைஞ்சு கிடக்கும், ஓரத்துல அளவு எடுத்து நடுவுல வச்சீங்கன்னா கணக்கு குறைஞ்சிரும், அதனால நடுவுக்கு தனியா ஒரு அளவு எடுங்க. தூரத்துல இருக்கறதுக்கும் தனி அளவு.

புதுசா எண்ணுறவங்க கூட்டிச் சொல்லுவாங்கன்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், பெரிய கூட்டத்துல நடக்கறது நேர் எதிர், கம்மியாத்தான் சொல்லுவாங்க. எனக்கு மொத வருஷம் நாமக்கோழி 400ன்னு கண்ணு சொல்லுச்சு, கூட வந்த பெரியவர் ஒண்ணும் பேசாம ஸ்கோப்ப என்கிட்ட நகத்தி வச்சு "பத்து பத்தா எண்ணு தம்பி"ன்னாரு, எண்ணி முடிச்சா 1,100 தாண்டிருச்சு. அன்னிக்கு சாயங்காலம் அவர் சொல்லிக் குடுத்த பயிற்சிதான் இது, வீட்டுல ஒரு தாம்பாளத்துல பச்சைப்பயற ஒரு கை அள்ளிப் போடுங்க, அஞ்சு நொடி பாத்துட்டு எத்தனைன்னு ஒரு நம்பர் எழுதுங்க, அப்புறம் உக்காந்து எண்ணுங்க. தினம் அஞ்சு தடவ, ஒரு வாரம். எங்க வீட்டம்மா மொதல்ல ஒரு மாதிரி பாத்தா, இப்ப அவளே என்னைய விட கிட்டக்க சொல்றா.

கலந்து கட்டி உக்காந்திருந்தா என்ன செய்ய? ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா மிதக்கும். மொதல்ல மொத்த வாத்தும் எத்தனைன்னு எண்ணிக்கோங்க, 2,000ன்னு வச்சுப்போம். அப்புறம் ஸ்கோப்ப ஒரு அஞ்சு இடத்துல குத்துமதிப்பா நிறுத்தி, ஒவ்வொரு இடத்துலயும் கண்ணுல படுற 20 வாத்துல எது எத்தனைன்னு எழுதுங்க. அந்த 100ல 60 ஊசிவால்னா மொத்தத்துல 1,200ன்னு போட்டுக்கலாம். இது சரியான எண் இல்ல, மதிப்பீடு, அத அப்படியே குறிப்புல எழுதிருங்க, மதிப்பீடுன்னு எழுதுறதுல ஒரு கேவலமும் இல்ல. போட்டோ எடுத்தும் வச்சுக்கலாம், வீட்டுல போய் பெருசு பண்ணி எண்ணினா நம்ம மதிப்பீடு எவ்வளவு தப்புன்னு தெரியும், வருஷத்துக்கு ஒருவாட்டியாவது அப்படி செஞ்சு பாக்கணும், கொஞ்சம் வலிக்கும்.

சேத்துப் பூனைப்பருந்து வந்துச்சுன்னா எல்லாம் போச்சு. அது பாட்டுக்கு சும்மா கோரை மேல தாழப் பறந்து போகும், குளமே கிளம்பி மேல நிக்கும். பதறாதீங்க, போட்ட கணக்க அப்படியே நிறுத்திட்டு ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க, டீ பிளாஸ்க் அதுக்குத்தான். எல்லாம் திரும்ப எறங்கினப்புறம் அந்தத் துண்ட மொதல்லேருந்து எண்ணுங்க, பறக்கும்போது எண்ணினதோட உக்காந்ததுக்கப்புறம் எண்ணினத கூட்டிராதீங்க. சில சமயம் பறக்கறதே நமக்கு நல்லது, கோரைக்குள்ள ஒளிஞ்சிருக்கற விசிறிவால் உள்ளானும் சீழ்க்கைச்சிறகியும் அப்பத்தான் வெளிய தெரியும். ஆனா அதுக்காக நீங்களே கல் விட்டு எழுப்பக் கூடாது, கை தட்டக் கூடாது. வடக்க குளிருக்குத் தப்பி மாசக்கணக்குல பறந்து வந்து இங்க தின்னு தேறிட்டிருக்கு, ஒவ்வொரு தடவையும் எழுப்பி விட்டா அது சேத்து வச்ச கொழுப்புத்தான் கரையுது. அதே மாதிரி நம்ம ஊர் மஞ்சமூக்கு நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இது கூடு கட்டுற காலம், மரத்துக்கு அடியில போய் நின்னு குஞ்சு எண்ணாதீங்க, தாய் எந்திரிச்சா காக்கா காத்துகிட்டே இருக்கும், தூரத்துலேருந்து கூடு மட்டும் எண்ணுங்க. ட்ரோன் பத்தி பேசவே வேண்டாம்.

பேர் கண்டுபிடிக்கறதுல எல்லாரும் வழுக்குற இடம் ஒரு நாலஞ்சு இருக்கு. வெள்ளைக் கொக்குல அலகு கருப்பு, கால் விரல் மஞ்சள்னா சின்ன வெள்ளைக்கொக்கு, அதுல குழப்பமே இல்ல. அலகு மஞ்சளா இருந்து கழுத்து நீளமா இருந்தா பெரிய கொக்கா நடுத்தரக் கொக்கான்னு சண்ட வரும், வாய்க்கோடு கண்ணத் தாண்டி பின்னாடி போச்சுன்னா பெருசு, கண்ணுக்கு அடியிலயே நின்னுருச்சுன்னா நடுத்தரம். கட்டையா குட்டையா மஞ்ச அலகோட மாட்டுக்குப் பின்னாடி திரிஞ்சா உண்ணிக்கொக்கு, ஜனவரியில அதுக்கு அந்த ஆரஞ்சுத் தலை இருக்காது, முழு வெள்ளையாத்தான் இருக்கும். நீர்க்காகத்துல அலகும் கழுத்தும் கட்டையா இருந்தா சின்னது, அலகு மெலிஞ்சு நீளமா கண்ணு நீலப்பச்சையா இருந்தா கொண்டை நீர்க்காகம். உள்ளான் வகைய மொத வருஷமே பிடிச்சிரணும்னு நெனைக்காதீங்க, பத்து வருஷம் பாத்தவங்களே தடுமாறுவாங்க.

அதனால தெரியாதத "உள்ளான், இனம் தெரியல, 45"ன்னு எழுதுங்க. நான் இந்த மொத்தக் கட்டுரையில ஒரு விஷயத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்கன்னா இதத்தான் சொல்லுவேன். தெரியலன்னு எழுதின 45 வேலைக்கு ஆகும், தப்பா பேர் போட்ட 45 வேலைய கெடுக்கும். ஒரு டீம்ல ஒருத்தர் அபூர்வமா ஏதாவது கண்டுபிடிச்சே ஆகணும்னு வருவாரு, அவர் கண்ணுக்கு எல்லா பொறி உள்ளானும் வேற ஏதோவா தெரியும், அவர சாதாரணமா மடையான் கொக்கு எண்ண விட்டுருங்க. மடையான எண்ணத்தான் யாருக்கும் மனசு வராது, அது பாட்டுக்கு கரையோரம் மண்ணு நிறத்துல உக்காந்திருக்கும், பறந்தாத்தான் வெள்ளை றெக்கை தெரியும், நெறைய விட்டுப் போகும். முக்குளிப்பானும் அப்படித்தான், பாதி நேரம் தண்ணிக்கு அடியில. ஒரே இடத்த ரெண்டு நிமிஷம் பாத்து அதிகபட்சம் எத்தனை தெரிஞ்சுச்சோ அத எழுதுங்க, "உள்ள இன்னும் பத்து இருக்கும்"னு சேக்காதீங்க.

பூஜ்யத்தையும் எழுதணும். நல்லா மழ பெஞ்ச வருஷம் குளம் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கும், சேறு வெளிய தெரியாது, ஆழமும் ஜாஸ்தி, உள்ளானுக்கு நிக்க இடமில்ல, வாத்தும் பரந்து வேற குளத்துக்குப் போயிருக்கும். போன வருஷம் பட்டைத்தலை வாத்து பாத்த இடத்துல இந்த வருஷம் ஒரு இறகு கூட கிடக்காது. புதுசா வந்தவங்க முகம் வாடிரும், "வேற குளத்துக்குப் போலாமாண்ணே"ம்பாங்க. போகக் கூடாது. உங்களுக்குக் குடுத்த குளம் இது, இங்க இல்லங்கறதும் கணக்குத்தான், பறவை இருக்கற குளத்த மட்டும் தேடித் தேடி எண்ணினா எல்லா வருஷமும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு காகிதத்துல தெரியும்.

இந்த எண் எல்லாம் எங்க போகுதுன்னு கேப்பாங்க. ஒரு நீர்நிலை ராம்சார் பட்டியலுக்குப் (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) போக பல அளவுகோல் இருக்கு, அதுல ஒண்ணு தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைக்கு மேல இருக்கணும், இன்னொண்ணு ஏதாவது ஒரு இனத்தோட மொத்த எண்ணிக்கையில 1 சதவீதமாவது அங்க இருக்கணும். 2025ல தமிழ்நாட்டுல ராம்சார் இடம் மொத்தம் 20 ஆச்சு, எங்க கூந்தன்குளமும் அதுல ஒண்ணு. ஒரு இனத்துக்கு மொத்தம் எவ்வளவுங்கற கணக்கே இந்த மாதிரி கரையில நின்னு எண்ணினவங்க நோட்டுலேருந்துதான் வருது. அமெரிக்காவுல 1900லேருந்து கிறிஸ்துமஸ் சமயத்துல எண்ணிகிட்டு வர்றாங்க, அதுக்கு முன்னாடி அந்த லீவுல யார் அதிகம் சுடுறதுன்னு போட்டி வச்சு வேட்டையாடுவாங்களாம், ஃபிராங்க் சாப்மன்ங்கறவர் சுடாம எண்ணிப் பாப்போமேன்னு ஆரம்பிச்சது.

பறவையோட நிறுத்திறாதீங்க, தண்ணி எவ்வளவு இருக்கு, ஆகாயத்தாமரை மூடியிருக்கா, வலை கட்டியிருக்காங்களா, குப்பை கொட்டியிருக்கா, கண்ணி ஏதாவது கெடக்கான்னு நாலு வரி. கரையில வர்ற ஆளுககிட்ட பேசுங்க. கழுத்துல பைனாகுலரோட நாலு பேர் நின்னா கண்டிப்பா ஒருத்தர் வண்டிய நிறுத்துவாரு, "என்ன அண்ணாச்சி, குளத்த அளக்க வந்திருக்கியளா, ரோடு போடப் போறாங்களா?" சிரிச்சிட்டு பைனாகுலர அவர் கையில குடுங்க. எங்க குளத்துல ஆட்டுக் கெடை போட்டிருந்த ஒரு தாத்தா அப்படி வாங்கிப் பாத்துட்டு, "இதுகளா, இது கார்த்திகையிலயே வந்துட்டு, அந்தா அந்தக் கோரைக்குப் பின்னாடி போய்ப் பாருங்க, அங்கதான் கூட்டமே கெடக்கு"ன்னாரு. போனோம், 300 நீலத் தாழைக்கோழி. மேப்லயும் இல்ல, எங்க கண்ணுலயும் படல.

ஒம்பதரை மணிக்கு மேல எண்ணாதீங்க, வெயில் ஏறி கானல் ஆடும், ஸ்கோப்ல எல்லாம் நெளியும். வீட்டுக்குப் போய் அன்னிக்கு ராத்திரியே ஏத்திருங்க, நாளைக்குன்னு விட்டா உங்க கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. ஈபேர்டுல போடும்போது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் பாத்தீங்க, எவ்வளவு தூரம் நடந்தீங்கன்னு சரியா போடுங்க. பாத்த, கண்டுபிடிக்க முடிஞ்ச எல்லா இனத்தையும் எழுதிட்டீங்களான்னு கேக்கும், காக்காவ விட்டுட்டு ஆமான்னு போடாதீங்க. எண்ணுக்கு பதிலா பெருக்கல் குறி போட வசதி இருக்கு, இருந்துச்சுன்னு மட்டும் அர்த்தம், எண்ணிக்கை கிடையாது, குத்துமதிப்பா இருந்தாலும் ஒரு எண் போடுங்க. ரொம்பப் பெரிய எண்ணா இருந்தா அப்ளிகேஷனே சந்தேகப்பட்டு கேக்கும், அப்புறம் பதிவுகள சரிபாக்குற ஒரு ஆளும் மெயில்ல கேப்பாரு, கோவப்படாம "நூறு நூறா, ஸ்கோப்ல, ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒப்பிட்டோம்"னு எழுதுங்க.

கடைசியா நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி குளத்தோட படம் கையால வரைஞ்சு, எங்க நின்னீங்க, எந்தெந்த துண்டா பிரிச்சீங்கன்னு குறிச்சு வைங்க. அடுத்த ஜனவரி நீங்களோ வேற யாரோ அதே இடத்துல நின்னு அதே மாதிரி எண்ணினாத்தான் ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். என் படத்துல எட்டு வருஷமா ஒத்தப் பனைன்னு இருந்துச்சு, போன மழையில அது விழுந்துருச்சு, இப்ப அந்த இடத்துல கரண்ட் கம்பம்னு திருத்தி வச்சிருக்கேன்.